புது ஊரில் ஒருவருக்குத் தோள் கொடுப்பது எப்படி?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



கும்மிடிப்பூண்டி லோக்கலில் தொங்கிக்கொண்டு காலேஜுக்கு வரும் நமக்கு 'அகதி' என்ற சொல் புதுசு இல்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் கப்பலேறிய தமிழர்கள் நம்ம துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். எண்ணூர் பக்கத்து பர்மா நகரும், பீச் ஸ்டேஷன் எதிரே உள்ள பர்மா பஜாரும் அவர்கள் காலூன்றிய இடங்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குப் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்கள் இருக்கின்றன.

ஆனால் அகதிகளிலேயே ஒரு பிரிவினரைப் பற்றி நாம் வாய் திறப்பதே இல்லை. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அது நான் செய்த தவறு.

முகாமில் பிறந்து வளர்ந்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. எந்த முகாம், எந்தக் காலேஜ் என்று சொல்ல மாட்டேன். அவன் படித்துப் பார்த்து 'போடு' என்ற பிறகே இதை மலருக்குக் கொடுத்தேன். ஒருநாள் ரயிலில், தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று என்னிடம் சொன்னான். அவனுக்கு உதவி செய்யணும்னு நினைத்து, அந்த முகாமில் டியூஷன் எடுக்கும் ஒரு அண்ணனிடம் அதைச் சொல்லிவிட்டேன். நாலே நாளில் முகாம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டில் அடி. ராத்திரி திருவொற்றியூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

"நீ நல்ல மனசோடதான் சொன்ன மச்சான். ஆனா அதைச் சொல்ற உரிமை உனக்கு இல்லையே. வந்து இறங்கின ஊருல எங்களுக்குன்னு இருக்கிறது எங்க ஆளுங்க மட்டும்தான். அவங்களும் இல்லேன்னா நான் எங்க போறது?" என்றான்.

பாடம் முழுக்க இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சாதாரணமாக அகதிக்கு முதல் உதவி யார்? முன்னால் வந்த மாமா, ஊர்க்காரர், கோயில், சர்ச். இவர்களுக்கோ அந்த உறவே பல நேரம் ஆபத்து. அந்த உறவு தரவேண்டியதை வேறு யாராவது தந்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1951 அகதிகள் ஒப்பந்தம் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல். இந்தக் கடைசிக் காரணத்தில் பாலீர்ப்பும் அடங்கும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1993-ல் வார்டு வழக்கில் விளக்கியது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012-ல் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் 2014-ல் திருநர் உரிமையையும், 2018-ல் தன்பாலீர்ப்பினர் குற்றவாளிகள் அல்ல என்பதையும் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இலங்கையிலோ வெள்ளைக்காரன் காலத்து 365-ஆம் பிரிவோடு தொடர்ந்த 365-அ பிரிவை 1995-ல் திருத்தியபோது பெண்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள்.

கனடாவில் 1979 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சாதாரணக் குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு அகதிக்குப் பொறுப்பேற்க அதில் வழி இருந்தது. வீடு, சாப்பாடு, மொழி, வேலை தேடல் என்று சுமார் ஒரு வருஷம் கூட நிற்க வேண்டியிருந்தது. 2011 முதல் இதே முறையில் பாலினச் சிறுபான்மை அகதிகளுக்கென்று தனித் திட்டமும் நடந்தது. சொந்தக்காரர் இல்லாதவருக்கு ஐந்து பேர் சொந்தக்காரர் ஆனார்கள்!

நாம் செய்யக்கூடியது என்ன?

1. ரகசியம் அவருடையது. யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். (நான் தோற்ற பாடம் இது.)

2. மொழிபெயர்க்க ஆள் வைக்குமுன் அவரைக் கேளுங்கள். அதே ஊர்க்காரர் எதிரே உட்கார்ந்தால் அவர் வாய் திறக்க மாட்டார். அதிகாரியிடம் சொல்லவேண்டிய உண்மையும் உள்ளேயே நின்றுவிடும்.

3. 'சொந்தக்காரர் வீட்டில் விட்டால் போதும்' என்று நினைக்காதீர்கள். எங்கே பயமில்லாமல் தூங்க முடியும் என்று அவரிடமே கேளுங்கள்.

4. திருநங்கை, திருநம்பி என்றால் பேப்பரில் பழைய பெயர், பழைய போட்டோ இருக்கும். ஒவ்வொரு கவுண்டரிலும் சங்கடம். கூடப் போய் நில்லுங்கள். ஹார்மோன் மருந்து எடுப்பவருக்கு அது நடுவில் நின்றுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

5. உதவிக்கு விலையாகக் கதை கேட்காதீர்கள். ஏற்கெனவே பல மேசைகளில் அதைச் சொல்லிச் சொல்லி அலுத்து வந்திருப்பார்.

6. அவசரப்படாதீர்கள். புது மெஷினை இறக்கியவுடன் ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்கி நாம் ஓட்டுவதில்லை. லெவல் பார்த்து, கிரவுட் ஊற்றி, அது காயும்வரை காத்திருக்கிறோம். மனுஷனுக்கு மட்டும் அந்த டைம் வேண்டாமா?

என் பாட்டி 1964-ல் ரங்கூனிலிருந்து வந்தவர். நண்பன் எங்கள் வீட்டில் பதினோரு நாள் இருந்தான். ஏன் வந்தாய் என்று பாட்டி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அத்தோ செய்து போட்டார். மாடிப்படிக்குக் கீழே பாய் போட்டார். பிறகு நான் கேட்டதற்கு, "நாங்க வந்த புதுசுல பக்கத்து வீட்டம்மா எங்க கதையைக் கேக்கல கண்ணு, தண்ணி எங்க புடிக்கிறதுன்னு காமிச்சாங்க" என்றார்.

நண்பன் பிறகு ஹாஸ்டலில் சேர்ந்தான். அவன் அம்மா மட்டும் போனில் பேசுகிறார். என்னோடு பேச அவனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அது நியாயம்தான்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவோம். அங்கே நாமும் புது ஆள்தான். இன்று நம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புது ஆளுக்குத் தண்ணிக் குழாயைக் காட்டுவோம். கதையை, அவர் சொன்னால் கேட்போம்; கேட்டதை நம்மோடு வைத்துக்கொள்வோம்.