நடு டெர்மினல்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் 11 வருடம் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத்தான் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்த வந்தேன். ஓடுகிற மில்லில் ஃபால்ட் பார்த்தவனுக்கு இருபது பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன பெரிய வேலை என்ற தைரியம். முதல் வாரம் ஓம் விதியைப் போர்டில் எழுதி இரண்டு மணி நேரம் பேசினேன். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகச் சொன்னார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கோபம் அவர்கள் மேல்தான் வந்தது. அது தப்பு என்று விளங்க ஒரு வருடம் பிடித்தது.

பிறகு இன்ஸ்ட்ரக்டர் பயிற்சிக்குப் போனேன். அங்கே லெசன் பிளான் எழுதச் சொல்லி உயிரை எடுப்பார்கள். தயார்படுத்து, விளக்கிக் காட்டு, செய்ய வை, சோதித்துப் பார் என்று நான்கு படிகள். முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆட்களை அவசரமாகத் தயார்படுத்த வேண்டியிருந்தது. அந்த வேலையில் இருந்த சார்லஸ் ஆலன் என்பவர் 1919இல் எழுதிய புத்தகத்தில் உள்ள முறை அது. எனக்கோ அது இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்டுகிற காகிதமாகத்தான் பட்டது. பயிற்சி முடிந்து திரும்பிய பிறகு போன வருட நோட்டைப் பார்த்து, தேதியை மட்டும் மாற்றி நானே எழுதியிருக்கிறேன்.

என்னைத் திருத்தியது ஒரு மாடிப்படி ஒயரிங். இரண்டு டூ-வே சுவிட்ச், ஒரு விளக்கு. கீழே போட்டு மேலே அணைக்கலாம். சர்க்யூட்டை எல்லோரும் அழகாக வரைந்துவிட்டார்கள். போர்டில் இணைக்கும்போது பாதிப் பேர் பேஸ் ஒயரை நடு டெர்மினலில் கொடுக்காமல் ஓரத்தில் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தாலும் விளக்கு எரியும், அதுதான் வில்லங்கம். கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மேல் சுவிட்ச் வேலை செய்யும், மறுபக்கம் தட்டினால் செத்துவிடும். முந்தைய பேட்ச்சும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் லெசன் பிளானில் நான் பேச வேண்டியதெல்லாம் வரிசையாக இருந்தது, அவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை.

அன்று நோட்டின் வலது பக்கத்தில் ஒரு கோடு கிழித்தேன். இடது பக்கம் வேலையின் படிகள், வலது பக்கம் அந்தப் படியில் நடக்கக்கூடிய தப்பு. வகுப்பு முடிந்ததும் அன்று நடந்த தப்புகளையும் அங்கேயே எழுதிவிடுவேன். மூன்று நான்கு பேட்ச் போனதும் வலது பக்கம்தான் என் உண்மையான பாடத்திட்டம் ஆகிவிட்டது. புதிதாக வருகிற இன்ஸ்ட்ரக்டர்கள் கேட்டால் முதலில் இந்தக் கோட்டைத்தான் கிழிக்கச் சொல்கிறேன்.

டெமோவில் ஒரு சின்ன விஷயம். நான் மேஜைக்கு இந்தப் பக்கமும் பையன்கள் எதிர்ப்பக்கமும் நின்றால் என் வலது கை அவர்களுக்கு இடது பக்கமாகத் தெரியும். பிளையரை அப்படியே மாற்றிப் பிடித்துப் பழகிவிடுவார்கள். அதனால் என் முதுகுக்குப் பின்னால், தோள் வழியாகப் பார்க்க வைப்பேன். ஒரே நேரத்தில் ஆறேழு பேருக்கு மேல் அப்படிப் பார்க்க முடியாது என்பதால் மூன்று குழு. காத்திருக்கிறவர்களுக்கு மேரீட் ஜாயிண்ட், பிரிட்டானியா ஜாயிண்ட் என்று ஒயர் இணைப்புகள் போடுகிற வேலை. முதலில் வாய் திறக்காமல் சாதாரண வேகத்தில் ஒருமுறை செய்வேன். இரண்டாவது முறை மெதுவாக, சொல்லிக்கொண்டே. மூன்றாவது முறை அவர்கள் சொல்ல வேண்டும், சொன்னதை மட்டும் என் கை செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்வேன். போர்டுக்கு சப்ளை எப்போதும் சீரிஸ் லேம்ப் வழியாகத்தான், ஷார்ட் ஆனால் அந்த பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். எல்.இ.டி. அதற்கு ஆகாது. இப்போது குண்டு பல்பு தேடிக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது.

ஓம் விதியையும் மேஜைக்கு இறக்கிவிட்டேன். 1000 வாட் அயர்ன் பாக்ஸ், 230 வோல்ட். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 53 ஓம். மல்டிமீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட அதுவே வரும், பையன்கள் முகம் மலரும். அடுத்து 100 வாட் குண்டு பல்பைக் கொடுப்பேன். கணக்கில் 529 ஓம், மீட்டரில் 40 ஓம் பக்கம்தான். "மீட்டர் ரிப்பேர் சார்" என்பார்கள். "அயர்ன் பாக்ஸுக்குச் சரியா காட்டுன மீட்டர்தானே தம்பி?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். சூடானால் டங்ஸ்டன் இழையின் மின்தடை ஏறும் என்பதை யாராவது ஒருவர் எட்டிப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தையும் பிளானில் எழுதி வைத்திருக்கிறேன். பேசாமல் இருப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேரக் கணக்கும் அடிபட்டுக் கற்றதுதான். நான் 20 நிமிடத்தில் முடிக்கிற ஜாப்புக்கு அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். கடைசிக் கால் மணி டூல்ஸை எண்ணி வைக்கவும் மேஜையைத் துடைக்கவும். அதில் கைவைக்கக் கூடாது. "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இந்த ஒயரைக் கழற்றினால் என்ன ஆகும்? துண்டுச் சீட்டில் எழுது" என்கிறேன். இருபது சீட்டைப் புரட்ட ஐந்து நிமிடம். யார் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

போன வாரம் மறுபடியும் மாடிப்படி ஒயரிங். நடு டெர்மினலில் சிவப்பு மார்க்கரால் புள்ளி வைக்கச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஓரத்தில் பேஸ் கொடுத்தவர் ஒரே ஒருவர். ஆனால் நான்கு பேர் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலைச் சுவிட்சுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். இந்தத் தப்பு இத்தனை பேரிடம் முன்பு வந்ததில்லை. வலது பக்கத்தில் எழுதியாயிற்று.