மரத்துக்கு மாதாமாதம் டாலரா?

சேலம் அம்மாபேட்டையில் டீக்கடை பெஞ்சு, தறிப்பட்டறை வாசல், கல்யாணப் பந்தி என்று எங்கே உட்கார்ந்தாலும் இந்தக் கதை காதில் விழுகிறது. "பாரிஸ் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குதாமுங்க. நம்ம மரம் இழுக்கற கார்பனை வெளிநாட்டு அரசாங்கமே வெலைக்கு வாங்கிக்குதாம். மரத்துக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் டாலர் நேரா பேங்குல விழுமாம். ஆதாரும் பட்டா நகலும் பதிவுப் பணமும் கொடுத்தாப் போதுமாம்." சொல்பவர்கள் படிக்காதவர்கள் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள், தறி முதலாளிகள் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நூற்பாலைகளிலும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலும் மின்சாரம், எரிபொருள் கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை 1: நம் மரத்தின் கார்பனை வெளிநாட்டு அரசு வாங்கிப் பணம் தரும்

உண்மை: தராது. பாரிஸ் ஒப்பந்தத்தில் ஆறாவது பிரிவு என்று ஒன்று இருப்பது நிஜம். ஒரு நாட்டில் குறைத்த உமிழ்வை இன்னொரு நாடு வாங்கித் தன் இலக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. அதற்கான விதிகள் 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் வகுக்கப்பட்டு, மிச்சமிருந்த இழுபறிகள் 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் தீர்ந்தன. ஆனால் இந்த வியாபாரத்தில் எதை விற்கலாம் என்பதை விற்கும் நாட்டின் அரசு முடிவு செய்கிறது. தோட்டக்காரரோ தரகரோ முடிவு செய்வதில்லை.

இந்திய அரசு 2023 பிப்ரவரியில் 13 வகைத் திட்டங்களைப் பட்டியலிட்டது. பசுமை ஹைட்ரஜன், கடலுக்குள் நடும் காற்றாலை, மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் வசதியோடு கூடிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, அழுத்தப்பட்ட உயிரிவாயு, விமானங்களுக்கான மாற்று எரிபொருள், கார்பனைப் பிடித்துப் புதைக்கும் தொழில்நுட்பம் என்று போகிறது அந்தப் பட்டியல். அதில் தேக்கு இல்லை, மலைவேம்பு இல்லை, தென்னை இல்லை. மரம் என்ற பேச்சே இல்லை. வீட்டுக் கூரையில் போடும் சாதாரண சோலாரும் இல்லை. சேமிப்பு வசதி உள்ள திட்டத்திலும் சேமித்த பங்குக்கு மட்டுமே இடம். இதற்கு மேலும் ஒருவர் பட்டா நகலோடு கிளம்பினால் அவருக்கு நான் என்ன சொல்வது?

ஏன் மரம் இல்லை என்று கேட்க வேண்டாமா? 2030க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு ஈர்ப்பதாக இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. விற்ற டன்னை நம் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கியவர் தன் உமிழ்வில் கழிக்கும் அதே டன்னை, விற்றவர் தன் உமிழ்வில் ஏற்றிக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே டன்னை இரண்டு நாடும் கணக்கில் காட்டிவிடும். மளிகைக் கடைப் பேரேட்டில் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறு பக்கம் வரவு எழுதுவது போலத்தான் இது. ஆகவே மலிவாகக் கிடைக்கும் குறைப்பை விற்றுவிட்டு, பிறகு நம் இலக்குக்காக விலை கூடிய வேலையை நாமே செய்ய எந்த அரசும் விரும்பாது. மரமும் சாதாரண சோலாரும் அந்த மலிவுச் சரக்கு. விலை கூடிய, நம்மால் தனியாகச் செய்ய முடியாத தொழில்நுட்பத்துக்குத்தான் வெளிநாட்டுப் பணம் வேண்டும். பட்டியல் அப்படி இருப்பதன் காரணம் இதுதான்.

சரி, உண்மையில் விற்ற கதை ஒன்றைப் பாருங்கள். பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் நாடு விட்டு நாடு முதன்முதலாகக் கைமாறிய கார்பன் கிரெடிட் அலகுகள் தாய்லாந்திலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போனவை. பாங்காக் நகரில் ஓடும் மின்சாரப் பேருந்துகள் குறைத்த உமிழ்வு அது. அளவு 1,916 டன். வாங்கியது சுவிட்சர்லாந்தின் கிளிக் அறக்கட்டளை. அந்நாட்டுக்குப் பெட்ரோல், டீசல் இறக்குமதி செய்யும் நிறுவனங்களின் சட்டக் கடமையை நிறைவேற்றும் அமைப்பு அது. லிட்டருக்கு அதிகபட்சம் 5 ராப்பன் (சுவிஸ் சில்லறைக் காசு) என்று அங்கே வண்டி ஓட்டுபவரிடம் வசூலித்த காசுதான் முதல். இரண்டு அரசுகளும் முன்பே ஒப்பந்தம் போட்டு, திட்டத்துக்குத் தனித்தனியே அனுமதிக் கடிதம் கொடுத்து, வெளியாள் சரிபார்த்த பிறகே அலகுகள் கைமாறின. பணம் பேருந்துத் திட்டத்துக்குப் போனது. பேருந்தில் ஏறி இறங்கியவர் கணக்கில் யாரும் எதுவும் போடவில்லை.

மரத்தை விற்கும் தன்னார்வச் சந்தை ஒன்று தனியாக இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அங்கே வாங்குபவை நிறுவனங்கள், அரசுகள் அல்ல. அங்கேயும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ ஈர்க்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள்; மரவகை, மண், வயதைப் பொறுத்து மாறும். அப்படியானால் ஒரு டன்னுக்கு 50 மரம் வேண்டும். டன்னுக்கு 10 டாலர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மரத்துக்கு ஆண்டுக்கு 20 சென்ட், நம் காசில் இருபது ரூபாய்க்குள். அதிலிருந்து அளப்பவருக்கும் சரிபார்ப்பவருக்கும் பதிவகத்துக்கும் போக வேண்டும். மாதாமாதம் டாலராம்! மரம் நடுங்கள், நிழலுக்கும் பழத்துக்கும் விறகுக்கும் நடுங்கள். டாலருக்காக நட்டால் ஏமாறுவீர்கள்.

இனி யாராவது வந்தால் ஒன்று செய்யுங்கள். இந்த வியாபாரம் ரகசியமாக நடப்பதல்ல. ஒவ்வொரு அலகுக்கும் தனி எண் உண்டு. எந்த நாடு, எந்தத் திட்டம், எந்த ஆண்டுக் குறைப்பு என்று ஐ.நா. காலநிலைச் செயலகத்தில் அறிக்கை கொடுத்தாக வேண்டும். எந்த நாடு எந்த நாட்டோடு கைகோத்திருக்கிறது என்பதை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கோபன்ஹேகன் மையம் தொகுத்துப் பொதுவில் வைத்திருக்கிறது. நம் நாட்டில் அனுமதி தரும் பொறுப்பு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022இல் அமைத்த ஆணையத்துக்கு உரியது. "அனுமதிக் கடிதத்தைக் காட்டு" என்று கேளுங்கள். வந்தவர் டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்துவிடுவார்.

நம்பிக்கை 2: கார்பன் கிரெடிட்டை இப்போதே வாங்கி வைத்தால் தங்கம் மாதிரி ஏறும்

உண்மை: பாரிஸுக்கு முந்திய கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில் முப்பந்தல் காற்றாலைகள் உட்பட இந்தியத் திட்டங்கள் பல கிரெடிட் விற்றன. 2008இல் டன்னுக்கு 20 யூரோவைத் தாண்டிய விலை 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. ஐரோப்பா வாங்குவதைச் சுருக்கியதும் சந்தை படுத்துவிட்டது. இப்போது இந்தியாவில் 2023இல் அறிவித்த உள்நாட்டுக் கார்பன் சந்தை, இலக்கு விதிக்கப்பட்ட சிமெண்ட், அலுமினியம் போன்ற ஆலைகளுக்கானது. நீங்களும் நானும் வாங்கி பீரோவில் பூட்டிவைக்கும் பொருள் அல்ல.

நம்பிக்கை 3: ஐரோப்பாவின் கார்பன் வரி நம் துணிக்கும் வந்துவிட்டது

உண்மை: வரவில்லை. 2026 ஜனவரி 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்த அந்த வரி இரும்பு எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். சேலத்து எஃகு ஆலைகள் கவலைப்படட்டும். அம்மாபேட்டைத் தறிக்காரர் இதைச் சொல்லிக் கூலியைக் குறைக்கும் வியாபாரியை நம்ப வேண்டாம்.

நம்பிக்கை 4: எல்லாமே பணக்கார நாடுகளின் ஏமாற்று

உண்மை: பாதி சரி. வீட்டில் புகையைக் குறைக்காமல் வெளியே மலிவாக வாங்கித் தப்பிக்கும் ஆசை அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒரே டன்னை இரண்டு நாடும் காட்டாமல் இருக்கத்தான் மேலே சொன்ன பற்று வரவு விதி வந்தது. கியோட்டோ காலத்தில் நமக்கு இலக்கு இல்லை. விற்றால் நம் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை. இப்போது இலக்கு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஜப்பானோடு, குறைத்த உமிழ்வைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டு வரவுத் திட்டத்தில் இந்தியா கையெழுத்திட்டிருக்கிறது. பேரம் பேசும் நிலையில்தான் இருக்கிறோம்.

நம்பிக்கை 5: இந்தப் பக்கத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை

உண்மை: இருக்கிறது, ஆனால் மரத்தில் அல்ல, சேகோ ஆலையின் கொல்லையில். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் போனால் தெரியும். குச்சிக்கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பால் பிரித்ததும் வெளியேறும் கழிவுநீர் குட்டையில் தேங்கிப் புளிக்கும். மேலே நுரை, அடியிலிருந்து குமிழி குமிழியாக வாயு. அந்தக் குமிழியில் இருப்பது மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். குட்டையைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி வாயுவைக் குழாயில் எடுத்த ஆலைகள் அதையே எரித்து மாவு காய வைக்கின்றன. விறகுச் செலவு குறைகிறது, நாற்றமும் குறைகிறது. அழுத்தப்பட்ட உயிரிவாயு அந்த 13இல் ஒன்று என்பதை மறக்காதீர்கள்.

ஆனால் நான் பார்த்த ஆலைகள் பலவற்றில் வாயுக் குழாயில் மீட்டர் இல்லை. இன்று எத்தனை கன மீட்டர் என்று கேட்டால், "நல்லாத்தான் எரியுதுங்க" என்பார் கொதிகலன்காரர். அளக்காத குறைப்பை எந்த நாடு வாங்கும்? ஜப்பான் வந்தாலும் சுவிஸ் வந்தாலும் முதலில் கேட்பது பதிவேடுதான்.  1981இல் தொடங்கிய, சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஜவ்வரிசி மூட்டையின் தரத்தைப் பார்த்து ஏலம் விடுகிறது. உறுப்பினர் ஆலை ஒவ்வொன்றும் வாயு மீட்டர் மாட்டி மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி போட அதற்கு என்ன தடை? மீட்டர் விலை, விறகில் மிஞ்சும் பணத்திலேயே கழிந்துவிடும். வெளிநாட்டுக்காரன் வராவிட்டாலும் நட்டமில்லை.