மழையில் கோட்டைப் பயணம்

கேள்வி: ஐப்பசி மழையில் பிள்ளைகளோடு காரில் வந்து ஜவளகிரிக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, பழைய கோட்டைகளைப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக வாருங்கள், கூடாரம் மட்டும் காட்டுக்குள் வேண்டாம். ராகி முற்றும் இந்தப் பருவத்தில்தான் பன்னர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கும். வனத்துறை அனுமதியின்றிக் காட்டில் தங்குவது குற்றமும்கூட. இரவு ஓசூரில் அறை எடுங்கள். பகலில் தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ராயக்கோட்டை போகலாம். திப்புவிடமிருந்து 1791-இல் ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை அது. பாறைப்படிகள் வழுக்கும், மழை விட்டபின் ஏறுங்கள். அடுத்து மல்லச்சந்திரம். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடி எழுப்பிய பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். நேரமிருந்தால் 1878-இல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடு. இருட்டுமுன் காட்டுச் சாலையைக் கடந்துவிடுங்கள்.