பட்ட மரத்தை வெட்டலாமா?

தட்டாஞ்சாவடி ரோட்டில் மரம் சாய்ஞ்சா உடனே அறுத்து எடுத்தாகணும். 2011 தானே புயலுக்குப் பிறகு புதுச்சேரி முழுக்க அதைத்தான் செய்தார்கள். காட்டில் கணக்கு வேற, நண்பர்களே.

1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா பகுதிச் சால் காடுகளைத் துளைப்பான் வண்டு தாக்கியது. இதன் புழு மரத்தின் வைரத்தைக் குடையும். பருவமழை தொடங்கியதும் வண்டாகி வெளியே பறக்கும். அதனால், புழு உள்ளே இருக்கும் மரத்தை மழைக்கு முன்பே வெட்டி அகற்றினால் பலன் உண்டு. வண்டு பறந்துபோன பட்ட மரத்தை வெட்டினால்? கட்டை கிடைக்கும், வண்டு குறையாது. மரங்கொத்தியின் வீடும் போயிடும்.

இன்னொன்று: புதிதாக வெட்டிய சால் கட்டையின் சாறு வாசனைக்கு வண்டுகள் தேடி வரும். அதையே பொறியாக்கி, பட்டையை நசுக்கிய கட்டைகளைப் போட்டு, மொய்க்கிற வண்டுகளைக் கையால் பொறுக்கினார்கள். ஆக, கோடரி எடுக்குமுன் கேளுங்க: வண்டு உள்ளேயா, வெளியேயா?