நிலக்கரியும் எண்ணெயும் உருவாகும் விதம்

காலையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கிறோம். இருள் பிரியுமுன் மின்விளக்கை ஏற்றுகிறோம். மோட்டார் சைக்கிளில் வேலைக்காட்டுக்குப் புறப்படுகிறோம். இம்மூன்று செயல்களுக்கும் வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி, பூமிக்கு அடியிலிருந்து எடுக்கப்படும் நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. இப்பொருள்கள் மண்ணுக்குள் எவ்வாறு வந்தன? அக்கதையின் முதற்பகுதி நம் நாட்டிலேயே, சில தோட்டங்களில் நம் காலடியிலேயே, இன்றும் நடந்து வருகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தாவரங்கள் சூரிய ஒளியின் துணைகொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் நீரையும் சேர்த்துத் தமக்கு வேண்டிய உணவை ஆக்கிக்கொள்கின்றன. சூரியனின் ஆற்றல் இவ்வாறு இலையிலும் மரத்திலும் அடங்கி நிற்கிறது. மரம் சாய்ந்து மட்கும்பொழுது அவ்வாற்றல் வெளியேறிவிடுகிறது. கரியும் மீண்டும் காற்றோடு கலந்துவிடுகிறது. மட்குவதற்குக் காற்று வேண்டும். காற்றுப் புகாத இடத்தில் இலையும் மரமும் புதைந்துவிட்டால் என்ன ஆகும்? அதுவே நாம் அறிய வேண்டிய செய்தி.

சதுப்பு நிலத்தில் தொடக்கம்

நீர் தேங்கி நிற்கும் சதுப்புக் காட்டில் விழும் இலை, கிளை, வேர் ஆகியவற்றைக் காற்று எளிதில் அணுகுவதில்லை. ஆகவே அவை முழுமையாக மட்குவதில்லை. அரைகுறையாக மட்கியவை அடுக்கடுக்காகச் சேர்ந்து, பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக்கொள்ளும் பழுப்பு நிறப் படிவாகின்றன. மலாய் மொழியில் இதனைக் 'கம்புட்' என்பர். தமிழில் இதற்கு 'முற்றா நிலக்கரி' என்று பெயர். இன்னும் முற்றாத நிலக்கரி என்னும் அப்பெயரே உண்மையை விளக்கிவிடுகிறது.

இப்படிவு மிக மெதுவாகவே வளர்கிறது. ஓராண்டில் சில மில்லிமீட்டர் சேர்ந்தாலே அது விரைவான வளர்ச்சி. சரவாக்கிலுள்ள மாருடி வட்டாரத்தில் சில இடங்களில் இப்படிவு 12 மீட்டர் ஆழம் வரை உள்ளது. அதன் அடிமட்டத்தை ஆராய்ந்தவர்கள், அது தோன்றி 4,000 ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்று கண்டனர்.

காலப்போக்கில் நிலம் தாழ்ந்து, ஆறுகள் மணலையும் களிமண்ணையும் அதன்மேல் கொண்டுவந்து குவிக்கின்றன. மேலிருக்கும் பாரம் அழுத்துகிறது. பூமியின் உள்வெப்பம் சூடேற்றுகிறது. படிவிலுள்ள நீரும் வாயுக்களும் வெளியேற, கரியின் பங்கு மிகுகிறது. முற்றா நிலக்கரி முதலில் பழுப்பு நிலக்கரியாகிறது. தமிழ்நாட்டின் நெய்வேலியில் வெட்டி எடுக்கப்படுவது இவ்வகையே. மேலும் அழுத்தமும் வெப்பமும் கூடினால் அது கருநிலக்கரியாகவும், இறுதியில் மிகக் கடினமான, புகை குறைந்த அனல்மலி நிலக்கரியாகவும் மாறுகிறது. ஒரு மீட்டர் கனமுள்ள நிலக்கரி அடுக்கு உருவாக, ஏறத்தாழப் பத்து மீட்டர் முற்றா நிலக்கரி அமுங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

சிலாங்கூரிலுள்ள பத்து அராங் என்னும் ஊரின் பெயருக்குக் 'கரிக்கல்' என்பது பொருள். 1908ஆம் ஆண்டில் அங்கு நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. 1915 முதல் 1960 வரை அங்குச் சுரங்கத் தொழில் நடைபெற்றது. நம் இந்தியத் தொழிலாளர்களும் அங்கு உழைத்தனர். மலாயாவின் இரயில்களும் மின்நிலையங்களும் அந்தக் கரியைக் கொண்டு இயங்கின. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் செழித்திருந்த காடே அவ்வாறு கரியாகிக் கிடந்தது.

எண்ணெய் பிறக்கும் விதம்

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கிக் கிடக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. எண்ணெய், பாறையிலுள்ள மிக நுண்ணிய துளைகளில், ஈர மணலில் நீர் இருப்பதுபோல் நிறைந்திருக்கிறது.

கடலிலும் ஏரிகளிலும் வாழும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மடிந்து, அடியிலுள்ள சேற்றில் புதைகின்றன. ஆறுகள் அடித்துவரும் இலைச் சருகுகளும் அவற்றோடு சேர்கின்றன. சரவாக், சபா கடலோர எண்ணெயில் இத்தகைய தரைத் தாவரங்களின் பங்கு பெரிது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அச்சேறு மேன்மேலும் புதைந்து பாறையாகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் வெப்பம் சுமார் 25 முதல் 30 பாகை செல்சியஸ் உயர்கிறது. ஏறத்தாழ 60 பாகையைத் தாண்டியதும் பாறையிலுள்ள உயிர்ப்பொருள் எண்ணெயாக மாறத் தொடங்குகிறது. 150 பாகையைக் கடந்தால் பெரும்பாலும் எரிவாயுவே உண்டாகிறது.

பிறந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. பிள்ளைகள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது சமையல் எண்ணெயை ஊற்றி, அதன்மேல் மணலைப் போட்டு, பிறகு நீரை நிரப்பி வையுங்கள். எண்ணெய் மணலினூடே துளித்துளியாக மேலேறுவதைக் காண்பீர்கள். பூமிக்குள்ளும் இவ்வாறே நடக்கிறது. நீரினும் இலேசான எண்ணெய், துளைகள் கொண்ட மணற்பாறை வழியே மேலேறுகிறது. துளையற்ற களிப்பாறை மூடிபோல் குறுக்கிட்டால் அதன் கீழே தங்கிவிடுகிறது. எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் தேடுவது இத்தகைய இடங்களையே.

மூடியில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் நிலமட்டத்திற்கே கசிந்து வரும். மிரி வட்டாரத்து மக்கள் அவ்வாறு ஊறிய எண்ணெயைக் கையால் தோண்டிய குழிகளிலிருந்து எடுத்து முன்னரே பயன்படுத்தி வந்தனர். அங்குள்ள குன்றின்மேல் தோண்டப்பட்ட நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு, 1910ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் எண்ணெய் தந்தது. நாளொன்றுக்கு 83 பீப்பாய் எனத் தொடங்கிய அக்கிணறு 1972 வரை பயன்பட்டது.

நம் காலடியிலுள்ள முற்றா நிலக்கரி

மலேசியாவில் கம்புட் நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 25 இலட்சம் ஹெக்டர். அதில் பெரும்பகுதி சரவாக்கில் உள்ளது. சிலாங்கூர், ஜொகூர், பகாங் ஆகிய மாநிலங்களிலும் உண்டு. இந்நிலத்தில் பல செம்பனைத் தோட்டங்கள் அமைந்துள்ளன. அங்கு வேலை செய்வோர் செம்பனை மரங்கள் சாய்ந்து நிற்பதைக் கண்டிருப்பர். வடிகால் வெட்டி நீரை அகற்றியதும் காற்று உட்புகுகிறது. அதனால் பல்லாயிரம் ஆண்டுகள் மட்காமல் இருந்த படிவு மட்கித் தாழ்கிறது. பிடிப்பிழந்த மரம் சாய்கிறது.

நீர் வற்றிய இந்நிலம் விறகுக்கு ஒப்பானது. இதில் தீப்பிடித்தால் மேலே சுவாலை அணைந்தபின்பும் அடியில் கனன்றுகொண்டே பரவும், வாரக்கணக்கில் அணையாது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. சுமத்ராவில் மூண்ட தீயின் புகையே அதற்குப் பெருங்காரணம். அங்கு எரிந்தவற்றுள் கம்புட் நிலமும் அடங்கும். அத்தகைய புகையில் முதலில் துன்புறுவோர் குழந்தைகளும், முதியோரும், ஆஸ்துமா நோயாளிகளுமே.

எனவே நாம் சில கடமைகளை உணர்ந்து நடத்தல் வேண்டும். கம்புட் நிலத்தில் குப்பையையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தலாகாது. திறந்தவெளியில் எரிப்பதைச் சட்டமும் தடை செய்கிறது. வெயில் காலத்தில் சிகரெட் துண்டை அணைக்காமல் எறியலாகாது. வடிகால் மதகுகளை நிர்வாகத்தின் அனுமதியின்றித் திறந்துவிடலாகாது. அங்குத் தேக்கி வைக்கப்பட்டுள்ள நீரே நிலத்தின் காவல். தரையிலிருந்து புகை எழக் கண்டால், சிறு புகைதானே என்று விட்டுவிடாமல் உடனே மண்டோரிடமோ தீயணைப்பு நிலையத்திலோ தெரிவித்தல் வேண்டும்.

ஒரு மீட்டர் கம்புட் மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். அதனைச் சாம்பலாக்க ஒரு வறட்சிக் காலமே போதும். நிலக்கரியும் எண்ணெயும் உருவாகும் விதத்தை அறிந்த நாம், இக்கணக்கையும் நினைவில் கொள்வோமாக.