லைன் சார்ட்டில் ஒவ்வொரு அளவீடும் தெரிய

தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவானால் ஒரு நாளைக்கு 96 அளவீடுகள். இந்தப் பதிவை பவர் பிஐ-யில் ஏற்றி லைன் சார்ட் போட்டால், ஒரு நாளுக்கு 384 டிகிரி என்று வந்து நிற்கும். 4 டிகிரியை 96 முறை கூட்டிய மொத்தம் அது. உடனே 'சம்' என்பதை 'ஆவரேஜ்' ஆக்கிவிடுகிறார்கள். இது இன்னும் ஆபத்து. 384 தவறென்று பார்த்ததும் தெரிந்துவிடும். சராசரி அப்படி இல்லை. 95 முறை 4 டிகிரியும் ஒரே முறை 11 டிகிரியும் பதிவான நாளின் சராசரி 4.07. நாம் தேடுகிற அந்த 11 காணாமலே போய்விடும்.

டேபிளில் 'டோன்ட் சம்மரைஸ்' கொடுக்கலாம். லைன் சார்ட்டின் ஒய் அச்சில் அந்த வசதி இல்லை; ஏதாவதொரு கணக்கைப் போட்டே தீரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு புள்ளிக்கு ஒரே வரிசை வரும்படி செய்துவிட்டால் போதும். ஒற்றை எண்ணுக்கு மொத்தம், சராசரி, அதிகபட்சம் எல்லாம் ஒன்றுதான்.

முதலில் பவர் குவெரியில் நேரப் பத்தியின் வகையைப் பாருங்கள். 'டேட்' என்றிருந்தால் மணியும் நிமிடமும் உதிர்ந்து 96 அளவீடும் ஒரே தேதியில் குவியும். 'டேட்/டைம்' ஆக மாற்றுங்கள். அப்போது வரும் கேள்விக்கு 'ரீப்ளேஸ் கரன்ட்' என்றே சொல்லுங்கள். 'ஆட் நியூ ஸ்டெப்' கொடுத்தால், ஏற்கெனவே உதிர்ந்த நேரம் திரும்பாது; எல்லா வரிசையிலும் நள்ளிரவு 12 மணிதான் இருக்கும்.

அந்தப் பத்தியை எக்ஸ் அச்சில் போட்டதும் ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று அடுக்காகப் பிரியலாம். பெயருக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியைச் சொடுக்கி, 'டேட் ஹைரார்கி'யை விட்டுவிட்டுப் பத்தியின் பெயரையே தேர்ந்தெடுங்கள். அச்சின் வகை 'கன்டினுவஸ்' ஆக இருக்கட்டும். 'மார்க்கர்ஸ்' கட்டாயம் வேண்டும்: கருவி இரண்டு மணி நேரம் பதியாமல் விட்டாலும் கோடு நேராக இழுத்து மூடிவிடும், அளவீடு நிஜமாக எங்கே உள்ளது என்பதைப் புள்ளிகள்தான் காட்டும்.

பல பெட்டிகள் என்றால் பெட்டி எண்ணை 'லெஜண்ட்'டில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் பதிவான எல்லாப் பெட்டிகளின் வெப்பநிலையும் கூட்டப்படும்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு மெஷர் எழுதுங்கள்: 'கவுண்ட்ரோஸ்' 1 என்றால் மட்டும் 'மேக்ஸ்' மதிப்பைக் கொடு, இல்லையென்றால் வெற்று. கருவி ஒரே பதிவை இரண்டு முறை அனுப்பிய இடத்தில் புள்ளி இருக்காது. தேடிப் பிடித்துத் திருத்தலாம். நேரமே இல்லாத தரவு என்றால் பவர் குவெரியில் 'இன்டெக்ஸ் காலம்' சேர்த்து அதை எக்ஸ் அச்சாக்குங்கள்.

ஒரு வரைபடம் பொதுவாக 3,500 புள்ளிகள் வரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் மாதிரி எடுத்துத்தான் வரையும். ஒரு பெட்டிக்கு அது 36 நாள் பதிவு. பத்துப் பெட்டிக்கு மூன்று நாளைத்தான் தாண்டும். ஆகவே பக்கத்தில் தேதி ஸ்லைசர் ஒன்றை வைத்து, அந்த அளவுக்குள்ளேயே பாருங்கள்.