நாய்க்கு ஐவர்மெக்டின்: இனமறிந்து கொடுப்பீர்

ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் ரகங்களுக்கு இடும் அளவு தழைச்சத்தைப் பழைய நெட்டை ரகங்களுக்கு இட்டால் பயிர் சாய்ந்துவிடும் என்பது உழவர் பெருமக்கள் நன்கு அறிந்ததே. உரம் ஒன்றுதான், ரகம்தான் வேறு. நாய்களுக்குக் கொடுக்கும் மருந்தும் இவ்வாறே இனத்துக்கு இனம் வேறு விளைவைத் தருகிறது. ஆடு வளர்ப்போர் நன்கறிந்த ஐவர்மெக்டின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

ஜப்பான் நாட்டு மண்ணில் கண்ட நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிறந்த இம்மருந்து, 1981 முதல் கால்நடைகளுக்குப் பயன்பட்டு வருகிறது. புழுக்களின் நரம்பையும் தசையையும் முடக்கிக் கொல்லுகிறது. மூளைக்குள் புகுந்தால் பிராணிகளையும் தாக்கும். ஆனால் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரதம், பம்புசெட் நீரை இறைப்பதுபோல, மருந்தை இரத்தத்துக்கே திருப்பி இறைத்துவிடுகிறது.

ஸ்காட்லாந்து நாட்டு ஆட்டு மேய்ப்பு நாயான கோலி இனத்தில் பலவற்றுக்கு இந்தப் ‘பம்பு’ வேலை செய்வதில்லை. எம்.டி.ஆர்.1 என்னும் மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதே காரணம் என்பதை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காத்ரினா மீலி குழுவினர் 2001இல் கண்டறிந்தனர். அந்நாட்டுக் கோலிகளில் சுமார் 70 விழுக்காடு இக்குறையைத் தாங்கியுள்ளன. தாய், தந்தை இருவழியிலும் பெற்ற நாய்க்கே ஆபத்து மிகுதி. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் இது பரவலாக உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றில் உண்டு. கலப்பினம் என்பதால் தப்பிவிடாது.

அளவைக் கவனியுங்கள். இதயப்புழுவைத் தடுக்க நாய்க்கு மாதம் ஒருமுறை தருவது கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம்; குறையுள்ள நாயும் இதைத் தாங்கும். ஆட்டுக்கு உரிய அளவோ கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். குறையுள்ள கோலிக்கு 100 மைக்ரோகிராமே நஞ்சாகலாம். ஒரு சதவீத ஊசி மருந்தில் அரை மில்லியை 25 கிலோ நாய்க்குப் போட்டால் ஆட்டின் அளவு வந்துவிடுகிறது! ‘ஆட்டுக்கு வாங்கியதில் மீதி இருக்கிறதே, நாயின் சொறிக்குப் போடுவோம்’ என்பது இங்கேதான் உயிருக்கு உலை வைக்கிறது.

கண்மணி விரிதல், எச்சில் வடிதல், தள்ளாட்டம், நடுக்கம், பார்வையிழப்பு ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். முற்றினால் நினைவு தப்பும். மாற்று மருந்து கிடையாது. நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் பேணித்தான் மீட்க வேண்டும். எனவே உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க.

இக்குறையைக் கன்னத்தின் உட்புறம் துடைத்தெடுத்த மாதிரியிலேயே சோதித்தறியலாம். புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின் மருந்துகளும் இத்தகைய நாய்களைக் கடுமையாகத் தாக்குவதால், சிகிச்சைக்கு முன் நாயின் இனத்தை மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்து கொடுத்த கால்நடையின் சாணத்திலும் ஐவர்மெக்டின் வெளியேறும். அதை நாய் தின்னாதபடி சில நாட்களுக்குக் கட்டி வைப்பது நல்லது.